மெத்தை அலமாரியில் பழுத்த பவர் கார்டு

“அப்போ மூணு மாசமா நான் எதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்? அதைச் சொல்லு முதல்ல!”

“பாட்டுத்தான் கேட்டீங்க. வேற எதைக் கேட்டீங்க?”

“கத்தாதே!”

“கத்துறது நீங்க. நெகிஷி வாத்தியார் வீட்டு நாயே எழுந்துடுச்சு, பாருங்க.”

நாய் குரைத்தது உண்மைதான். மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு, மாலை நாலரை மணி. எங்கள் ஊரான ஒடவாராவில் அந்த நேரத்துக்குக் கடல் காற்று ஈரம் கொண்டுவந்துவிடும் என்பதால் தெருவே மாடியில் நின்று காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எடுத்த துணியை மறுபடியும் கொடியில் போட்டு மறுபடியும் எடுத்தவர்கள் மூன்று வீட்டார். இஸொகாய் வீட்டு ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. உள்ளே செல்லோ அதிர்ந்தாலும் வெளியே முனகல்கூட வராது. சண்டையை மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போட்டார்கள். அது எங்கள் தெருவின் அதிர்ஷ்டம்.

சண்டைக்குக் காரணம் ஓர் ஒயர். ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டுக்குப் போகிற பவர் கார்டு. பெட்டியோடு சும்மா வருகிற கறுப்பு ஒயரைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, போன இலையுதிர் காலத்தில் இஸொகாய் நொரியூகி நீல நிறத்தில் ஒன்று வரவழைத்தார். நன்றாகத் தின்று கொழுத்த விலாங்கு மீன் பருமன். வளையாது, மடங்காது. அதைக் கொண்டுவந்த தபால்காரர் உள்ளே பாம்பா என்று கேட்டார். அதோடு வந்த தாளில் இருநூறு மணி நேரம் கரண்ட் ஓடிய பிறகுதான் ஒயரின் உண்மையான ஒலி திறக்கும், ஒருமுறை செருகிவிட்டால் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது என்று போட்டிருந்தது.

“பழுக்கணும்,” என்று மனைவி ஃபுஸாயேயிடம் விளக்கினார் இஸொகாய்.

“பானையில புளிக்கிற மிஸோ விழுது மாதிரியா?”

“சிரிக்காதே. ஆமா, மிஸோ மாதிரிதான்.”

பழுக்கிற வரைக்கும் ஃபுஸாயே பொறுத்திருப்பாள். ஆனால் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி வந்தது. ஆண்டுக் கடைசிப் பெருந்துப்புரவில் கூரை மூலையிலிருந்து குளியல் தொட்டியின் அடிவரை துடைக்காமல் புத்தாண்டை வீட்டுக்குள் விட எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? இஸொகாய் கமபோகோ மீன் கேக் கடை வரிசையில் நின்றிருந்த இரண்டு மணி நேரத்தில் ஃபுஸாயே ஆம்ப்ளிஃபயர் இருந்த அடுக்கை இழுத்துப் பின்னால் இருந்த தூசியை வழித்தாள். அந்த இழுப்பில் நீல ஒயர் தன் கனத்திலேயே கழன்று விழுந்தது. செருகினாள், விழுந்தது. மறுபடி செருகினாள், மறுபடி விழுந்தது. பழைய கறுப்பு ஒயர் டிராயரில் கிடந்தது. அதைச் செருகினாள், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல் உட்கார்ந்துகொண்டது. நீல ஒயரில் கீறல் விழக்கூடாது என்று துணி சுற்றி மெத்தை அலமாரியில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே படுக்கவைத்தாள். அவர் வந்ததும் சொல்லத்தான் இருந்தாள்.

அவர் வந்தார். மீன் வாசனையோடே உட்கார்ந்து ஒரு ரெக்கார்டைப் போட்டார், கண்ணை மூடினார். பத்து நிமிடம் கழித்து, “ஃபுஸாயே, ஒயர் பழுத்துடுச்சு,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை என்பது மார்ச் வரை போனது.

அதற்குள் ஒரு கரண்ட் கம்பம் வேறு முளைத்துவிட்டது.

கம்பம் என்றால் தெருவுக்கான கம்பம் அல்ல. இஸொகாய் வீட்டுக்கென்றே, அவர் செலவில், அவர் தோட்டத்து மூலையில், தலையில் தனி டிரான்ஸ்ஃபார்மரோடு நிற்கிற கம்பம். ஒலிப் பைத்தியம் முற்றியவர்கள் கடைசியில் இங்கேதான் வந்து சேருவார்கள் என்பது அந்த வட்டாரத்துக்குத் தெரிந்ததே. தெருக் கம்பத்திலிருந்து வரும் கரண்டில் எல்லார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அழுக்கும், எல்லார் வீட்டு வாஷிங் மெஷினின் நடுக்கமும் கலந்திருக்குமாம். ஃபுஸாயே துணி உலர்த்துகிற, நல்ல வெயில் விழுகிற மூலைதான் கம்பத்துக்கும் தோதாக இருந்தது. கிரேன் வருவதற்கு முந்தின வாரம் இஸொகாய் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற வழக்கப்படி தாள் சுற்றிய கைத்துண்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து குனிந்தார். “உங்களுக்குத் தொந்தரவு. ஆனா குராமோச்சி சான் சொல்லிட்டார். அவர் காது சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் துண்டை வாங்கிக்கொண்டோம். குராமோச்சியின் காதைத் தெரியாதவர் ஊரில் உண்டா? நகரக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கசிவு கேட்டவர். தார்ச் சாலைமேல் ஓர் இரும்புக் கோலை நட்டு, அதன் மேல்முனையில் காதை வைத்து, மூன்று முழம் ஆழத்தில் குழாயில் ஊசித் துளை இருந்தால் இங்கே என்று காட்டுவார். காட்டிய இடத்தில் தோண்டியவர் இஸொகாய். முப்பது வருடம் அவர் காட்ட இவர் தோண்டினார். ஒருமுறைகூட வறண்ட மண்ணைத் தோண்டியதில்லை என்று இஸொகாய் சொல்வார். குடித்தால் இரண்டு தடவை சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகு அதே காது இஸொகாய் வீட்டுக்கு வந்தது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியம் இரண்டு மணி. நெகிஷி வாத்தியாரும் வருவார். அவர் பள்ளியில் அறிவியல் நடத்தியவர், இந்தக் கூட்டத்துக்கு அரிசி வறுவலுக்காக வருபவர். இரண்டு மணிக்கு இஸொகாய் குளிர்பதனப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்குவார், அதன் முனகல் ஒலியில் சேருமாம். ஃபுஸாயேயின் அயிலை மீன் மாதம் ஒருமுறை உருகிப் பிறகு உறையும். பாட்டு முடிந்ததும் குராமோச்சி முழங்காலைத் தடவுவார். பிறகு ஒரு வாக்கியம் சொல்வார். இஸொகாய் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். ஜனவரி: “பாடுறவ அரை அடி முன்னாடி வந்து நிக்கிறா. ஒயர் திறந்துடுச்சு.” பிப்ரவரி: “இன்னும் திறக்கும். ஆனா தெருக் கம்பம் விடாது.”

மார்ச்சில் கம்பத்தின் முதல் கச்சேரி. பாட்டு முடிந்தது. குராமோச்சி வாய் திறந்தார்.

“இஸொகாய், இந்தக் கம்பமும் அந்த நீல ஒயரும் புருஷன் பொண்டாட்டி மாதிரிடா. ஒண்ணு இல்லாம ஒண்ணு பேசாது.”

தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த ஃபுஸாயேக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்துவிட்டது. தட்டு சாய்ந்து, பாய்த் தரையில் தேநீர் ஓடியது. விருந்தாளிகள் போன பிறகு இஸொகாய் என்ன சிரிப்பு என்று கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்து மெத்தை அலமாரிக்கு அழைத்துப் போனாள். பிறகுதான் நாய் குரைத்தது.

“மூணு மாசம் என் காதுல பூ சுத்தியிருக்கே!”

“நானா சுத்தினேன்? நீங்களே வெச்சுக்கிட்டீங்க. பழுத்துடுச்சுன்னு சொன்னது யாரு? நானா?”

“நான் சொன்னதை விடு. குராமோச்சி சானும் சொன்னாரே! அவரும் பொய்யா?”

 அதுவரை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தேநீர்க் கறையைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். இஸொகாய்க்கு அந்த மௌனம் சண்டையைவிடத் தொந்தரவாக இருந்தது.

“ஏன் பேச மாட்டேங்கிறே? அவர் காதைச் சொன்னதும் வாய் அடைச்சுப்போச்சு பாத்தியா?”

“அவர்கிட்டயே கேட்டுக்கங்க,” என்றாள் தரையைப் பார்த்தபடி.

அன்று இரவு இஸொகாய் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தார். அவருக்குத் தன் காதைப் பற்றிப் பெரிய நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை. தோண்டுகிறவனுக்குக் காது எதற்கு? பாட்டு ஓடும்போது நன்றாக இருப்பதுபோல்தான் இருக்கும். குராமோச்சி வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் ‘ஆமாம், அதுதான்’ என்று மனசு நிறையும். நீல ஒயர் போனால் போகட்டும். கம்பத்தைப் பார்த்துத் தெரு சிரித்தால் சிரிக்கட்டும். குராமோச்சி கேட்காததைக் கேட்டதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வேளை கறுப்பு ஒயரே நல்ல ஒயராக இருக்கலாம், அதைத்தான் அவர் நேர்மையாகப் பாராட்டியிருக்கலாம் என்று படுத்தபடி ஒரு வழி கண்டுபிடித்தார். அதை மெய்ப்பிக்க ஒரு சோதனை போதும். காலையில் குராமோச்சிக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லிச் சோதனைக்குக் கூப்பிட்டார்.

“முட்டி வலிக்குதுடா,” என்றார் குராமோச்சி.

“காரை அனுப்புறேன்.”

“அடுத்த வாரம் செர்ரி பூக்க ஆரம்பிச்சிடும்.”

“பூ எங்கேயும் ஓடிப் போகாது, குராமோச்சி சான். நீங்க வந்து ஒரு தடவை கேட்டுச் சொல்லிடுங்க. ஃபுஸாயே வாயை அடைக்கணும். எனக்காக.”

மறுமுனையில் குராமோச்சி ஒரு தடவை இருமினார். “சரி, உனக்காக,” என்றார்.

அடுத்த ஞாயிறு நெகிஷி வாத்தியார் தேர்வுத் தாளோடு வந்தார். ஆளிடம் அப்படி ஓர் உற்சாகத்தை அவர் மனைவி இறந்த பிறகு தெரு பார்த்ததில்லை. வீட்டிலேயே பகடை உருட்டி வரிசை தயாரித்திருந்தார்: ஐந்து சுற்று, எந்தச் சுற்றில் எந்த ஒயர் என்று. அந்தத் தாளை ஃபுஸாயேயிடம் மட்டும் கொடுத்தார். அடுக்கைச் சுவரிலிருந்து இழுத்து, பெரிய மூட்டைத் துணியைத் திரையாகக் கட்டி, ஃபுஸாயேயைப் பின்னால் உட்காரவைத்தார்கள். குளிர்பதனப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கியாயிற்று.

“குராமோச்சி சான், இன்னிக்கு நடு நாற்காலியில நீங்க,” என்றார் இஸொகாய்.

குராமோச்சி எப்போதும் ஓரத்தில், ரெக்கார்டு அலமாரிக்குப் பக்கத்தில் தாழ்ந்த மெத்தையில் உட்காருவார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கிற நாற்காலி வீட்டுக்காரனுக்கு உரியது என்று மறுப்பார். அடக்கம் என்று எல்லோரும் மெச்சிய விஷயம்.

“வேணாம்டா, அது உன் இடம்.”

“சோதனை உங்களுக்குத்தானே?”

“விதி விதிதான்,” என்றார் வாத்தியார். குராமோச்சி நடுவில் உட்கார்ந்தார். இஸொகாய் அவருக்குப் பின்னால். முதல் ரெக்கார்டு சுழல ஆரம்பிக்கும் முன்பே குராமோச்சி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

“திரும்பக் கூடாது. முன்னாடி பாருங்க,” வாத்தியார் பென்சிலால் மேஜையைத் தட்டினார்.

முதல் சுற்று. திரைக்குப் பின்னால் சரசரப்பு. “யொய்ஷோ,” என்றாள் ஃபுஸாயே. உட்காரும்போதும் எழும்போதும் கனத்தைத் தூக்கும்போதும் ஐம்பது தாண்டிய யார் வாயிலிருந்தும் தானாக வருகிற ஓசைதான். பாட்டு ஓடியது. குராமோச்சி முழங்காலில் கையை ஊன்றி, கசிவு கேட்கிற காலத்தில் செய்வதுபோல் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தார்.

“நீலம்.”

இரண்டாவதில் திரைக்குப் பின்னால் சத்தமில்லை. “சாதா.” மூன்றாவது, “யொய்ஷோ”. “நீலம்தான், சந்தேகமேயில்லை.” நான்காவதும் நீலம். ஐந்தாவது சாதா.

வாத்தியார் ஃபுஸாயேயின் தாளை வாங்கித் தன் தாளோடு வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். “ஐந்துக்கு ஐந்து! குருட்டாம்போக்கில் இப்படி வர முப்பத்திரண்டில் ஒரு வாய்ப்பு. குராமோச்சி சான், நான் உங்களைப் பத்தி வெளியில பேசினதெல்லாம் வாபஸ்.”

“என்ன பேசினீங்க?”

“அதுதான் வாபஸ்னு சொல்லிட்டேனே.”

இஸொகாய் எழுந்தார்.  குராமோச்சி காட்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது, இன்றைக்கும் இருந்தது. “பாத்தியா, ஃபுஸாயே? பாத்தியா?” என்று திரையைப் பார்த்துக் கூவினார்.

ஃபுஸாயே முடி கலைந்து வெளியே வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. குராமோச்சியைத்தான் பார்த்தாள். குராமோச்சி அவளைப் பார்த்துத் தலையை ஒரு விரற்கடை தாழ்த்தினார். வணக்கத்தில் எத்தனை வகை உண்டு என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ஜெயித்தவர் தலை அசைப்பதுபோல் இல்லை. உதவி வாங்கிக்கொண்டவர் தாழ்த்துகிற தலை அது.

இஸொகாயின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. பத்து கிலோ அரிசி மூட்டையை வாசலிலிருந்து அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட வாய் திறக்காதவள் ஃபுஸாயே. முப்பத்தொன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து ‘யொய்ஷோ’ வந்து அவர் கேட்டதில்லை. கிழவியாகிற சத்தம் என்று அதை அவள் கேலி செய்வாள்.

“வாத்தியார், இன்னும் ரெண்டே ரெண்டு சுற்று,” என்றார். குரலை எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டார். “இந்தத் தடவை நான் மாத்துறேன். ஃபுஸாயே களைச்சுப்போயிட்டா.”

“போதுமே,” என்றாள் ஃபுஸாயே சட்டென்று. “அதான் ஜெயிச்சுட்டாரே.”

“ஜெயிச்சவருக்கு இன்னும் ரெண்டு என்ன பெரிசு?”

திரைக்குப் பின்னால் போனார். நீல ஒயரைத் தூக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமே எழாமல் செருகினார். விழாமல் இருக்கக் கையால் தாங்கிப் பிடித்தார். பாட்டு ஓடியது. குராமோச்சி காத்திருந்தார். பாட்டு பாதியைத் தாண்டியும் காத்திருந்தார்.

“சாதா,” என்றார்.

 இஸொகாய் நீல ஒயரைக் கழற்றித் தரையில் வைத்தார். செருப்பு வாரைப்போல் லேசான கறுப்பு ஒயரை இரண்டு விரலில் எடுத்தார்.

“யொய்ஷோ,” என்றார்.

பாட்டு தொடங்கி நாலு வரி போகவில்லை, நடு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “நீலம்! இதுதான் நீலம். பாடுறவளுக்குப் பின்னாடி இருக்கிற இருட்டு எப்படிக் கறுத்துப்போச்சு, பாரு இஸொகாய். தொட்டா கையில ஒட்டும்.”

இஸொகாய் திரையை அவிழ்த்தார். நீல ஒயர் பாய்த் தரையில் கிடந்தது. ரெக்கார்டில் அந்தப் பெண் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அரிசி வறுவலைக் கடித்த வாயை மூட மறந்தார்.

“எத்தனை நாளா?” என்றார் இஸொகாய்.

குராமோச்சிக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. “போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்துலேருந்து. அந்த வருஷம் தோட்டத்துல சிள்வண்டே கத்தலைன்னு நெனைச்சேன். மருந்து அடிச்சுட்டாங்களோன்னு பக்கத்து வீட்டுல சண்டைக்குப் போனேன். வண்டெல்லாம் நல்லாத்தான் கத்திக்கிட்டிருந்துச்சாம். வலது காது சுத்தமாப் போச்சு. இடதுல பேச்சு கேக்கும். மேல்சத்தம் எதுவும் ஏறாது.”

“அதுக்கு அப்புறம்தான் நீல ஒயரு. அதுக்கு அப்புறம்தான் கம்பம்.”

“ம்.”

“ஃபுஸாயே, உனக்குத் தெரியும்.”

“மூக்குக்கண்ணாடிக் கடையில பாத்தேன்,” என்றாள். “காது மெஷினை மாட்டிப் பாத்துக்கிட்டிருந்தார். அழுதுட்டார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கையெடுத்துக் கேட்டுக்கிட்டார்.”

“மெஷின் எங்கே?”

குராமோச்சி கோட்டுப் பையைத் தொட்டார். “உங்க தெரு முனையில கழட்டிடுவேன்.”

“ஏன் சொல்லலை? முப்பது வருஷம், குராமோச்சி சான். நீங்க காட்டின இடத்துல கேள்வி கேக்காமத் தோண்டினேன்.”

“சொன்னா அப்புறம் என்னை எதுக்குடா கூப்பிடுவே? என்கிட்ட வேற என்ன இருக்கு?”

“வந்து உட்கார்ந்து என்னதான் பண்ணீங்க?”

“உன் மூஞ்சியைப் பாத்தேன். அந்த ஓரத்துல உட்கார்ந்தா நல்லாத் தெரியும். நீ கண்ணை மூடிக்கிட்டு இருப்பே. உனக்குப் பிடிச்சுப்போச்சுன்னா இடது புருவம் ஏறும். அதை வெச்சு ஒரு வார்த்தை கட்டிச் சொல்லுவேன்.”

“நான் நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னுதானே காத்துக்கிட்டு...” என்று ஆரம்பித்த இஸொகாய் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியத்தை வாத்தியார் தன் மனசுக்குள் முடித்துப் பார்த்து, சின்னதாக “அடடா” என்றார். அந்த ‘அடடா’தான் மறுநாள் காலை தெரு முழுக்கப் போனது.

குராமோச்சிக்கும் ரோஷம் வந்தது. “என் காது போச்சு. ஒத்துக்கறேன். உன் காதுக்கு என்னடா கேடு? மூணு மாசம் கரண்ட்ல சோறு ஆக்குற பானைக்குப் போடுற ஒயரைக் கேட்டுட்டு, பழுத்துடுச்சுன்னு கண்ணீர் விட்டியே. அதை நானா சொல்லிக்கொடுத்தேன்? கம்பம் வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் மூஞ்சி தாங்கியிருக்குமா?”

“வெளியே போ, குராமோச்சி.”

‘சான்’ என்கிற மரியாதைச் சொல் இல்லாமல் அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலித்தது அதுதான் முதல்முறை. குராமோச்சி எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி, வாத்தியாரின் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வாத்தியார் மாற்றிக் கேட்கவில்லை. மிச்சமிருந்த சின்னச் செருப்பில் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு வீடு வந்தார்.

உள்ளே அப்புறம்தான் உண்மையான சண்டை. ஜன்னல் மூடியிருந்தது. இருந்தாலும் அடுப்படி வெண்டிலேட்டர் சந்துப் பக்கம் திறந்திருக்கும்.

“அவருக்காகக் குரல் குடுத்தே. எனக்கு எதிரா.”

“அத்தனை பேர் முன்னாடி அவர் அசிங்கப்படக் கூடாதுன்னு குடுத்தேன்.”

“அத்தனை பேர் யாரு? வாத்தியார் ஒருத்தர்தானே!”

“வாத்தியார் ஒருத்தர்னா தெரு முழுக்கத்தானே.”

“நான் மட்டும் அசிங்கப்படலாமா?”

“நீங்க ஆசைப்பட்டது அவர் ஜெயிக்கணும்னுதானே? ராத்திரியெல்லாம் தூங்காமப் புரண்டீங்களே, எனக்குத் தெரியாதா? ஜெயிக்க வெச்சேன். நீங்க அதோட விட்டிருக்கலாம்.”

“ரெண்டு வருஷம். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்,” என்றாள் ஃபுஸாயே. “நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

ஒரு கோப்பை உடைகிற சத்தம்கூட வரவில்லை. அதுதான் எங்களுக்கு ஏமாற்றம்.

ஏப்ரலிலிருந்து இஸொகாய் அந்தப் பாட்டு அறையிலேயே படுத்துக்கொண்டார், அங்கேயே சாப்பிட்டார். பாட்டுப் போட்டாரா என்றால் அந்த இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி யாருக்குத் தெரியும்? ஃபுஸாயே காய்கறிக் கடையில் சொன்னது இவ்வளவுதான்: ரெக்கார்டு சுழலும், அவர் ஓரத்து மெத்தையில் உட்கார்ந்து காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு முடிந்ததும் எதையோ கேட்கத் தயாராகிறவர்போல் கொஞ்சம் முன்னால் சாய்வார். பிறகு எழுந்து ஊசியைத் தூக்கிவிடுவார். குளிர்பதனப் பெட்டியின் ப்ளக்கை அவர் அதற்கப்புறம் தொடவில்லை என்பதில் மட்டும் அவளுக்குத் திருப்தி.

குராமோச்சி இரண்டு தடவை தெரு முனை வரை வந்து திரும்பினார். மூன்றாவது தடவை ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்து மணியை அழுத்தினார். இப்போது காதில் மெஷின் இருந்தது, மறைக்கவில்லை. உள்ளே காலடிச் சத்தம் கதவு வரை வந்து நின்றது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். கதவு திறக்கவில்லை. பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார். ஆரஞ்சு மூன்று நாள் அங்கேயே தொங்கியது. பிறகு ஃபுஸாயே எடுத்து அக்கம்பக்கத்துக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

நெகிஷி வாத்தியார் கோ என்கிற பலகை ஆட்டக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே வறுவல் கிடையாது என்று குறைப்படுகிறார்.

குராமோச்சியின் கதை அங்கே முடியும் என்று நினைத்தவர்களுக்கு ஜூனில் ஒரு செய்தி வந்தது. கண்ணாடிக் கடையில் காது மெஷினை அவருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திருகிச் சரிசெய்து கொடுத்துவந்த அன்ஸாய் என்ற விதவை அம்மாள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். குராமோச்சிக்கு அறுபத்தொன்பது வயதில். அந்த அம்மாளுக்குத் த்ஸுருஓகா என்ற ஊரில் அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறதாம். ஜூலை முதல் வாரத்தில் ஒரு சின்ன லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் வடக்கே போய்விட்டார்கள். அதற்கு முன் கோயிலுக்குப் பக்கத்து உணவகத்தில் வைத்த கல்யாண விருந்துக்கு ஃபுஸாயே சாம்பல் நிறக் கிமோனோவில் தனியாகப் போனாள்.

ஆகஸ்டில் வீடு மாறிய அறிவிப்பு அட்டை எங்கள் தெருவுக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே வாசகம்: இங்கே குடியேறியிருக்கிறோம், இந்தப் பக்கம் வந்தால் தயங்காமல் எட்டிப் பாருங்கள். முகவரிப் பக்கத்தை மட்டும் குராமோச்சி கையால் எழுதியிருந்தார். புருஷன் பெண்டாட்டி இருக்கிற வீட்டுக்கெல்லாம் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்.

இஸொகாய் வீட்டு அட்டையில் ஃபுஸாயேயின் பெயர் மட்டும் இருந்தது. தபால் பெட்டியிலிருந்து அதை எடுத்தவர் இஸொகாய். வெயிலில் நின்று முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படித்தார், மறுபடி முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாப்பாட்டு மேஜையில் அவள் உட்காருகிற பக்கத்தில், பெயர் மேலே தெரியும்படி, வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார்.